காட்டு ராணியின் வெள்ளை ரொட்டி

சோற்றை நீல நிறத்தில் சமைப்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை, மேடம். வேலியில் படர்ந்து கிடக்கும் சங்குப்பூவை ஒரு கைப்பிடி பறித்து வெந்நீரில் போட்டு, அந்த நீரிலேயே அரிசியை வேகவைத்தால் போதும். இறக்கும்போது கொஞ்சம் தேங்காய்ப்பால் விட வேண்டும். எலுமிச்சை மட்டும் பக்கத்தில் வரக் கூடாது, பட்டால் ஊதாவாகிவிடும். என் தங்கை ஜோவெலினுக்கு அந்த ஊதாவும் பிடிக்கும். நான் சமைத்ததில் அவளுக்குப் பிடிக்காதது என்று எதுவுமே கிடையாது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கணவாய் விற்ற தோன்யிங்கை விட்டுவிடுங்கள். அவன் கொடுத்தது அன்று காலையில் பிடித்த மீன், நானே தொட்டுப் பார்த்துத்தான் வாங்கினேன். கெட்ட மீனை விற்று ஒரு பெண்ணைக் கொன்றுவிட்டான் என்று சந்தையில் அவனுடைய பலகையைக் கவிழ்த்துப் போட்டார்களாம். செய்யாத குற்றத்துக்கு ஒருவன் அடிபடுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. நான் அப்படிப்பட்டவள் இல்லை. அதனால்தான் யாரும் கூப்பிடாமல் நானே ஸ்டேஷனுக்கு வந்தேன். காபிக்கு நன்றி. சர்க்கரை கொஞ்சம் அதிகம்.

என் பெயர் பெலிசித்தாஸ். பெலி என்றால்தான் எங்கள் கரையில் தெரியும். எங்கள் அம்மா அரபு நாட்டுக்கு வீட்டுவேலைக்குப் போனபோது ஜோவெலினுக்குப் பால்பல்கூட விழவில்லை. முதலில் சோப்பும் சாக்லேட்டும் டின் இறைச்சியுமாகப் பெட்டி வந்தது. பிறகு போன் மட்டும் வந்தது. பிறகு அதுவும் நின்றது. அங்கேயே யாரோ ஒருவருடன் குடும்பமாகிவிட்டாள் என்று திரும்பி வந்தவர்கள் சொன்னார்கள். அன்றிலிருந்து அவளுக்கு மானாங் என்று கூப்பிட அக்காவும் நான்தான், அம்மாவும் நான்தான். படகு ஓட்டுகிறவன் ஒருவன் என்னைக் கல்யாணத்துக்குக் கேட்டான். தங்கையையும் கூட்டிக்கொண்டு வருவேன் என்றேன். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுப் பக்கமே அவன் படகைத் திருப்பவில்லை. எனக்கு அதில் வருத்தம் இல்லை. வருத்தம் இல்லை என்று அவளிடமும் அடிக்கடி சொல்லியிருக்கிறேன்.

‘தலாயா’ தொடரை நீங்களும் பார்த்திருப்பீர்கள். செய்தி முடிந்து அந்தச் சேகண்டி ஒலித்தால் எங்கள் தெருவில் நாய்கூடக் குரைக்காது. மற்றவர்கள் சண்டைக்காட்சியைப் பார்ப்பார்கள், ஜோவெலின் மட்டும் மேசையில் என்ன இருக்கிறது என்று பார்ப்பாள். அரசர் தட்டில் நீலச் சோறு இருந்தால் மறுநாள் எங்கள் வீட்டிலும் நீலச் சோறு. போர்வீரர்கள் கறுப்பாக எதையோ சாப்பிட்டால், கணவாயின் மையை விட்டுச் சோற்றைக் கறுப்பாக்கச் சொல்வாள். வாழையிலையை விரித்து, மாலை வெயில் படும் இடமாகப் பார்த்து வைத்து, செல்போனில் படம் எடுத்துப் போடுவாள். எங்கெங்கிருந்தோ ஆட்கள் பார்த்து இதயம் போடுவார்கள். அரிவது, ஆட்டுவது, அடுப்பு, பாத்திரம் எல்லாம் நான். அலங்காரம் மகாராணியுடையது.

அந்தக் கதையில் காட்டு ராணி ஒருத்தி வருவாள். தன் காட்டுக்குள் வந்த இளவரசிக்கு வெள்ளை ரொட்டி கொடுப்பாள். அதைத் தின்றவர்கள் காட்டை விட்டு வெளியேற முடியாது. பலெத்தே மரத்தில் குடியிருக்கும் ஆவிகளின் கையால் சாப்பிட்டவர் வீடு திரும்ப மாட்டார் என்று நம் பக்கத்தில் சொல்வதுதானே, அதைத்தான் எடுத்துக் கதையில் வைத்திருந்தார்கள்.

“மானாங், அந்த ரொட்டிய எதுல செஞ்சிருப்பாங்க?” என்று ஜோவெலின் கேட்டாள்.

“டிவிக்காரன் பஞ்சை உருட்டி வச்சிருப்பான். உனக்கென்ன இப்ப?”

“போ மானாங், உனக்குக் கற்பனையே கிடையாது. அது கலோட்தான். காட்டுல வேற எது அவ்வளவு வெள்ளையா கிடைக்கும்?”

நீங்கள் செபு நகரத்துப் பெண் என்று பேச்சிலேயே தெரிகிறது, அதனால் சொல்கிறேன். கலோட் என்பது காட்டுக்கிழங்கு. புயலடித்து அரிசி வராத மாதங்களில் இந்தத் தீவே அதைத் தின்றுதான் பிழைத்தது. ஆனால் அப்படியே தின்றால் ஆளைச் சாய்த்துவிடும். மெல்லியதாகச் சீவி, சாக்கில் கட்டி, மேலே கல்லை வைத்துக் கடலில் ஊறப்போட வேண்டும். அலை வந்து வந்து கழுவ வேண்டும். நாள் கணக்காகும். பிறகு நல்ல தண்ணீரில் அலசினால் பால் நிறம் வரக் கூடாது. கடைசியாக ஒரு துண்டை வேகவைத்துக் கோழிக்குப் போடுவோம். கோழி மாலைவரை நடமாடினால் மனிதர்கள் சாப்பிடலாம். இதில் அவசரப்பட்டுச் செத்தவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. நான் அவசரப்படுகிறவள் இல்லை. எங்கள் கரையில் கலோட் என்றால் என்னைத்தான் கேட்பார்கள்.

முதல் தடவை நடந்தது உண்மையிலேயே தவறுதான். புயல் எச்சரிக்கை வந்ததால் சாக்கை முன்கூட்டியே எடுத்துவிட்டேன். கோழியும் கூடையை விட்டு வரவில்லை, சோதிக்காமலே விட்டுவிட்டேன். தேங்காய்த்துருவல் சேர்த்து ரொட்டியாகத் தட்டினோம். இரண்டு பேருக்கும் நாக்கு மரத்துப்போனது. நான் கொஞ்சம்தான் தின்றிருந்தேன், அவள்தான் வாந்தியெடுத்துத் துவண்டுபோனாள். மறுநாள் அவளுக்கு ஏஜென்சியில் நேர்காணல் இருந்தது.

ஆமாம், அவளும் அரபு நாட்டுக்குப் போக எழுதிக் கொடுத்திருந்தாள். என்னிடம் கேட்டுவிட்டு அல்ல. எழுதிக் கொடுத்த பிறகு வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டு சொன்னாள். “நீ எவ்வளவு நாள்தான் மீன் காயவச்சுப் பொழைப்ப மானாங்? ரெண்டே வருஷம். வந்து நிக்கறேன் பாரு.” அம்மாவும் ரெண்டே வருஷம் என்றுதான் சொன்னாள். அதை நான் சொல்லவில்லை. நல்லது, போய்வா என்று சொல்லிவிட்டு மீனைத் திருப்பிப் போடப் போனேன். அங்கே உட்கார்ந்து ஓவென்று அழுதேன். அழுதால் யார் கேட்கப் போகிறார்கள், வெறும் மீன்.

நேர்காணல் அன்று அவள் என் மடியில் தலைவைத்துப் படுத்திருந்தாள். கஞ்சியை ஊட்டினால்தான் இறங்கியது. “போகாத மானாங், பக்கத்துலயே இரு” என்றாள், நான் தண்ணீர் எடுக்கக்கூட எழுந்திருக்கவில்லை. அத்தனை வருடங்களில் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்த நாள் வேறு இல்லை. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. உங்களுக்குக் குழந்தை இருந்தால் புரியும்.

ஏஜென்சியில் வேறு தேதி கொடுத்தார்கள். அதில் தேறினாள். அடுத்தது மருத்துவப் பரிசோதனை. அதற்கு முந்தின நாள் நானே கேட்டேன், காட்டு ராணி ரொட்டி செய்யட்டுமா என்று. இரண்டாவது தடவை நடந்தது தவறு இல்லை. ஆனால் கெட்ட எண்ணமும் இல்லை. சாக்கை எப்போது எடுத்தால் எவ்வளவு தலைசுற்றும் என்பது என் கைக்குத் தெரியும். அளவாகத்தான் செய்தேன். அவள் படுத்தாள், நான் பார்த்துக்கொண்டேன், பரிசோதனை தள்ளிப்போனது. பக்கத்து வீட்டு நெனிடா வந்து எட்டிப் பார்த்துவிட்டு, “இந்தப் பொண்ணுக்கு நீ மட்டும் இல்லன்னா என்ன ஆகும் பெலி?” என்றாள். அதைக் கேட்க எனக்கு நிறைவாக இருந்தது.

பிறகு அவள் பரிசோதனையிலும் தேறிவிட்டாள். விமான டிக்கெட் வந்தது. ‘தலாயா’வின் கடைசிப் பகுதியும் அந்த வாரம்தான், ஞாயிறு மதியம்.

“கடைசி எபிசோடு மானாங். ராணி ரொட்டி இல்லாம எப்படிப் பாக்கறது? நீலச் சோறு, கறுப்புச் சோறு, ரொட்டி எல்லாம் வேணும். ஊரே பொறாமைல சாகணும்” என்றாள்.

“ரெண்டு தடவ தின்னு படுத்தியே, இன்னுமா ஆசை?”

“கிழங்கு மேல தப்பு இல்ல, என் வயிறு அப்படி. உன் கை ரொட்டிய அங்க போய் யார்கிட்ட கேப்பேன்?”

இந்தத் தடவை கொஞ்சம் தலைசுற்றினால் போதாது என்று எனக்குத் தெரிந்தது. விமானத்தைப் பிடிக்க முடியாமல் போக வேண்டும், வேறு தேதி கேட்கவும் தெம்பில்லாமல் போக வேண்டும். நீண்ட நாள் படுக்க வேண்டும். நீண்ட நாள் என்றால் எவ்வளவு என்று நான் நினைக்கவில்லை. ஊறப்போட்ட மறுநாளே சாக்கை எடுத்தேன். அலசிய தண்ணீர் பாலாகத்தான் இருந்தது. முறை என்று ஒன்று இருக்கிறதே, அதனால் கோழிக்கும் ஒரு துண்டு போட்டேன். அது பப்பாளி மரத்தடியில் சுற்றிச் சுற்றி வந்து விழுந்தது. அங்கேயே குழிதோண்டிப் புதைத்தேன். எனக்கு மரவள்ளியில் தனியாக ஒரு ரொட்டி தட்டிக்கொண்டேன். இரண்டும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும்.

“கோழிக்குப் போட்டியா மானாங்?” என்று சாப்பிட உட்காரும்போது கேட்டாள்.

“போட்டேன்” என்றேன். அது பொய் இல்லை.

படம் எடுத்தாள். அன்று எடுத்த படம் நன்றாக வந்தது என்று எல்லோரும் சொல்கிறார்கள். டிவியைப் பார்த்துக்கொண்டே இரண்டு ரொட்டி சாப்பிட்டாள். விளம்பர இடைவேளையில் என் பக்கம் திரும்பி, கால்களைச் சம்மணமிட்டுக்கொண்டு, சிரிப்பை அடக்க முடியாமல் உட்கார்ந்திருந்தாள்.

“ஒண்ணு சொல்வேன், அடிக்கக் கூடாது” என்றாள்.

“சொல்லு.”

“நான் போகல. வெள்ளிக்கிழமையே ஏஜென்சில சொல்லிட்டேன். பங்லாவ்ல ஒரு ரிசார்ட்காரங்க நம்ம படத்தையெல்லாம் பாத்திருக்காங்க. வாராவாரம் தலாயா விருந்துன்னு வைக்கப் போறாங்களாம். சமைக்க ஆள் வேணுமாம். ஒரு ஆள் இல்ல மானாங், ரெண்டு ஆள். நீயும் நானும். கடைசி எபிசோடு முடிஞ்சதும் சொல்லலாம்னு வச்சிருந்தேன், வாய் சும்மா இருக்க மாட்டேங்குது.”

மூன்றாவது ரொட்டிக்கு அவள் கை போனது. தட்டை இழுத்துக்கொண்டேன்.

“போதும், வயிறு கெட்டுடும்.”

“உன் ரொட்டியாலயா?” என்று சிரித்தாள்.

அப்போதே வாயில் விரலை விட்டு வாந்தியெடுக்க வைத்திருக்கலாம் என்று நீங்கள் நினைப்பது முகத்தில் தெரிகிறது. நானும் நினைத்தேன். ஆனால் ஏன் என்று கேட்பாளே. இளநீர் கொடுத்தேன். இரண்டு தடவை தாங்கிய உடம்பு இதையும் தாங்கும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். இளவரசி காட்டை விட்டு வெளியே வந்தாளா இல்லையா என்று எனக்குத் தெரியாது, அதற்குள் ஜோவெலினுக்குப் பேச்சு குழறத் தொடங்கியது. கைகால் வெட்டி இழுத்தது. நெனிடாவின் மகன் ட்ரைசிக்கிளில் ஏற்றிக்கொண்டு போனான். வழி முழுக்க அவள் என் மேல்தான் சாய்ந்திருந்தாள்.

சுகாதார நிலையத்தில் இருந்த டாக்டர் நல்லவர். அவர் மேல் எந்தக் குறையும் எழுதாதீர்கள். பார்த்த உடனேயே சரியாகக் கேட்டார்.

“என்ன சாப்பிட்டாங்க?”

“கணவாய் டாக்டர். மையோட சமைச்சது.”

“கலோட் ஏதாவது? நல்லா யோசிச்சு சொல்லுங்க. கலோட்னா இங்க வச்சுப் பாக்க முடியாது. வண்டி வாசல்ல நிக்குது, இப்பவே தக்பிலாரன் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடறேன். மூச்சு நின்னாலும் அங்க மெஷின் இருக்கு.”

“இல்ல டாக்டர். கணவாய் மட்டும்தான்.”

அவர் இன்னொரு தடவையும் கேட்டார். இன்னொரு தடவையும் அதையேதான் சொன்னேன். ஜோவெலினுக்கு நாக்கு எழவில்லை, ஆனால் காது கேட்டது. கட்டிலில் கிடந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் மானாங் எதற்கு இப்படிச் சொல்கிறாள் என்று புரியாத பார்வை, மேடம். கோபமே இல்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன், அவளும் இறுக்கிப் பிடித்தாள். வெளிச்சம் மங்குவதற்குள் அந்தப் பிடி தளர்ந்துவிட்டது.

ஊரில் தெரிந்தால் கலோட் விபத்து என்றுதான் சொல்வார்கள், அப்படியே எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்கிறீர்கள். என் மேல் இரக்கப்பட்டுக் கேட்கிறீர்கள், புரிகிறது. வேண்டாம். உள்ளதை எழுதுங்கள். நான் அவளைக் கொல்ல நினைத்ததே இல்லை. என் உயிரையே அவள் மேல் வைத்திருந்தேன், யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். அவள் போகவில்லை என்று தெரிந்த பிறகும் டாக்டரிடம் ஏன் வாயைத் திறக்கவில்லை என்றுதானே கேட்டீர்கள்.

சொல்லியிருந்தால் அவள் பிழைத்திருப்பாள். பிழைத்து, நான் செய்தது தெரிந்து, என்னை விட்டுப் போயிருப்பாள்.