ஒற்றைச் சுவர்க் களஞ்சியம்

— சாந்தை இன்னும் தடிப்பாப் பூசும், ஏரம்பு. திறக்க வாற மந்திரி றோட்டில நிண்டு பாக்கேக்க யன்னல் யன்னலாத் தெரியவேணும். விளங்குதே?

— தெரியும், ஓவசியர் ஐயா. நீங்கள் மேற்பார்வை பாத்து ஒரு சுவர்தானே கட்டினனீங்கள். மிச்ச நெற்களஞ்சியத்தை நான்தானே கீறிக் காட்டவேணும்.

— கவர்மெண்ட் அலுவலைப் பற்றி உமக்கென்ன கதை? மிச்சக் கட்டடச் சாமானெல்லாம் புளியங்குளத்தில மழைக்குக் கரைஞ்சுபோச்செண்டு எழுதி அனுப்பியாச்சு.

— சீமெந்து கரையும். கூரை ஓடும் கம்பியும் எப்பிடி ஐயா கரைஞ்சது?

— வாயைப் பொத்திக்கொண்டு கீறும். அதுசரி, உம்மிட்டப் பெயின்ற் இல்லையே? சுண்ணாம்பும் செங்கல் தூளும் சீமெந்தும் குழைச்சுக்கொண்டு நிக்கிறீர்.

— பெயின்ற் வெய்யிலுக்கு மினுங்கும், மந்திரி பிடிச்சிடுவார். கட்டடத்தைக் கட்டடச் சாமானாலதான் கீறவேணும்.

— உமக்கும் மூளை இருக்கு.

— மூளை கிடக்கட்டும். என்ர நெல்லு வெட்டவெளியில கிடக்கு, ஐயா. இந்தக் குடியேற்றத்தில ஒருத்தற்ற நெல்லுக்கும் நீங்கள் கூரை போடேல்லை. போன கிழமைத் தூறலுக்கே அடிமூட்டை முளைச்சிட்டுது.

— மந்திரி றிபன் வெட்டிப்போட்டுப் போகட்டும், பிறகு பாப்பம். அவர் கேட்டா, நெல்லு களஞ்சியத்துக்கு ஏத்தியாச்செண்டு சனம் சொல்லவேணும். நேற்று நான் வவுனியாவில நிண்ட நேரம் சொல்லி வைச்சனீரே?

— சொன்னனான். அதுகளுக்குப் பொய் சொல்ல வராது, ஐயா. நாக்குத் தடக்கும்.

— பழக்கும்.

— சரி, முடிஞ்சுது. கிட்ட நிண்டா வெறும் பூச்சாத்தான் தெரியும். றோட்டில போய் நிண்டு பாருங்கோ.

— ம்… பொறும். களஞ்சியத்துக்கு என்னத்துக்கு மேல்மாடி? பூ வேலை செய்த தூண்? விறாந்தையில ஊஞ்சல் வேறை தொங்குது.

— நான் எங்க களஞ்சியத்தைக் கண்டனான்? மழைக்குக் கரைஞ்ச அந்தச் சாமான் எழும்பி நிக்கிற இடத்தைப் பாத்துத்தான் கீறினனான்.

— டேய், இது கிளிநொச்சியில நான் கட்டின வீடு.

— ஓம். உங்கட வீடு குடிபூரலுக்கு வந்து வடிவாப் பாத்தனான்.

— உடன உரஞ்சி எடு.

— நேற்றுக் கீறினது இறுகிப்போச்சு. நல்ல சீமெந்து, மழைக்குக் கரையிற சாதியில்லை.

— அப்ப சுவரை இடி.

— இடிச்சா மந்திரி எதைத் திறக்கிறது?

— …சரி, விடும். மந்திரி என்ர வீட்டைக் கண்டதில்லை. யாரும் கேட்டா இதுதான் களஞ்சியமெண்டு சொல்லும். விளங்குதே?

— நானும் அப்பிடித்தான் சொன்னனான், ஐயா. நேற்று நீங்கள் வவுனியாவில நிண்ட நேரம், சனத்துக்கு அரைவாசிப் படத்தைக் காட்டி இதுதான் களஞ்சியம், கிளிநொச்சியில நிக்குதெண்டு சொல்லிப்போட்டன். பொய் சொல்லத் தெரியாத சனம், இண்டைக்கு விடியவே நெல்லை ஏத்தி வண்டில் பூட்டிக்கொண்டு உங்கட வீட்டுக்குப் போயிட்டுது. மந்திரியின்ர அலுவலெண்டு சொல்ல உங்கட மனுசியும் கதவைத் திறந்துவிட்டவவாம். விறாந்தை நிரம்பீட்டுதாம், இப்ப மேல்மாடிக்கு ஏத்திக்கொண்டிருக்கினமாம்.