தூசி இல்லாத அறை

பிளாஸ்டிக்கில் பெயிண்ட் லேசில் ஒட்டாது. இரும்பு வேறு, பிளாஸ்டிக் வேறு. இது தெரியாமல் ஒரு ஸ்ப்ரே கேன் வாங்கி நேராக அடித்துவிட்டு, ஒரே மாதத்தில் தோல் உரிகிறதே என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கடைக்காரர் என்ன செய்வார்? அடியில் செய்ய வேண்டியதைச் செய்யாமல் மேலே பூசினால் அப்படித்தான் ஆகும்.

வண்டியிலிருந்து தொடங்கச் சொன்னீர்கள், ஐயா. அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

வண்டி அப்பாவுடைய பழைய ஸ்கூட்டர். சிமெண்ட் கிடங்கில் மேற்பார்வை வேலை பார்த்த காலத்தில் வாங்கினார். வாங்கும்போது நீலமாம். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அது சிமெண்ட் நிறம்தான். கிடங்குத் தூள் வண்டிமேல் படிந்த மாதிரியே அவர் நுரையீரலிலும் படிந்துவிட்டது. வண்டியையாவது கழுவலாம். கடைசியில் மூக்கில் குழாயும் தலைமாட்டில் ஆக்சிஜன் மெஷினுமாகக் கட்டிலோடு கிடந்தார்.

நான் பார்சல் கிடங்கில் இரவு வேலையில் இருந்தேன். அப்பாவுக்கு மூச்சு முட்டுவதும் இரவில்தான். ஒரு ராத்திரியில் இரண்டு வேலை பார்க்க முடியாது என்பதால் ஒன்றை விட்டேன். அக்கா கல்யாணமாகித் தொலைவில் இருக்கிறாள். "நீ பக்கத்துல இருந்தா எனக்கு நிம்மதிடா" என்றாள். அவளுக்கு நிம்மதி வந்தது. எனக்குத் தூக்கம் போனது. பகலில் நான் கண்ணயர்ந்தால் அப்பா, "டேய் ஆந்தை, வெயில் வந்துடுச்சு பாரு, கண்ணு கூசுதா?" என்பார். ஆந்தை என்றுதான் என்னைக் கூப்பிடுவார். குரல் எழும்பாது. அதனால் எவர்சில்வர் டம்ளரில் ஸ்பூனால் தட்டுவார். தண்ணீருக்கு ஒரு தட்டு, மூத்திரத்துக்கு இரண்டு, பேச்சுத் துணைக்கு மூன்று. மூன்றுதான் அதிகம் வரும்.

கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். போரடித்துப் போன மனிதர்.

மருந்துக் கடைக்காரர் ஒருவர் வீடுவீடாக மருந்து கொண்டுபோய்க் கொடுக்க ஆள் தேடினார். பகல் வேலை. சொந்த வண்டி வேண்டும். என் வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, "தம்பி, இதுல மருந்து கொண்டுபோனா நோயாளி வண்டியப் பார்த்தே போய்ச் சேர்ந்துடுவான். பார்க்கிற மாதிரி ஆக்கிட்டு அடுத்த வாரம் வா" என்றார். முன்பக்கப் பேனல் குறுக்கே விரிசல். பக்கவாட்டுப் பேனலை வண்டியோடு மாட்டுகிற காது உடைந்து கம்பியால் கட்டியிருந்தது. பெயிண்ட் பட்டறையில் கேட்ட கூலி, வண்டியை விற்றால்கூட வராது. நானே செய்வதென்று முடிவு செய்தேன்.

அதிகச் செலவில்லாமல் செய்வதற்கு வழி இருக்கிறது. பேனல்களைக் கழற்றிப் பாத்திரம் தேய்க்கிற சோப்பில் கழுவ வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கு ஒரு துளி இருந்தாலும் பெயிண்ட் அங்கே ஒட்டாமல் விலகி, மீன் கண் மாதிரி விழித்துக்கொள்ளும். விரிசலுக்கு உள்பக்கமாக சமையல் சோடாவைத் தூவி அதன்மேல் உடனடிப் பசையைச் சொட்டினால் கல்லாகிவிடும். பிறகு உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துப் பொறுமையாகத் தேய்க்க வேண்டும். மேலே பிளாஸ்டிக்குக்கென்று இருக்கிற பிரைமர் என்கிற அடிப்பூச்சு, அதற்கும் மேலே கலர், கடைசியில் பளபளப்புக்கு நிறமில்லாத கிளியர் கோட். கேனை ஒரு சாணுக்குக் கொஞ்சம் அதிகமான தூரத்தில் பிடித்து, கை நிற்காமல் ஓட வேண்டும். ஆசைப்பட்டு ஒரே இடத்தில் அடித்தால் வழிந்துவிடும். இதில் காசைவிடப் பொறுமைதான் அதிகம் செலவாகும். அது என்னிடம் இருந்தது.

பகை தூசிதான். எங்கள் வீடு மாடியில். கீழே மரம் அறுக்கிற பட்டறை. மாடிப்படித் திருப்பத்தில் வைத்து ஒரு சின்னப் பேனலை அடித்துப் பார்த்தேன். காய்வதற்குள் மரத்தூள் வந்து உட்கார்ந்து, மணல் தூவின மாதிரி ஆகிவிட்டது. வீட்டில் தூசி இல்லாத இடம் ஒன்றுதான். அப்பாவின் அறை. அவர் நுரையீரலுக்காக நான்தான் அதை அப்படி வைத்திருந்தேன். காலையும் மாலையும் ஈரத்துணியால் துடைப்பேன்.

அங்கே அடிக்கச் சொன்னது அவர்தான். இதைக் குறித்துக்கொள்ளுங்கள். "இங்க கொண்டாடா. இந்த ரூம்ல ஈகூட அனுமதி கேட்டுட்டுத்தான் வருது. எனக்கும் பொழுது போகும்" என்றார். குறுக்கே கொடி கட்டிப் பேனல்களைக் கம்பியில் தொங்கவிட்டேன். கட்டிலில் இருந்தபடி அண்ணாந்து பார்த்துவிட்டு, "கசாப்புக் கடையில படுத்திருக்கிற மாதிரி இருக்கு. அவசரத்துல என்னையும் கொக்கியில மாட்டிடாத" என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். அன்று எனக்கு எந்த எண்ணமும் இல்லை. சத்தியமாக இல்லை.

கிளியர் கோட் அடித்துக்கொண்டிருக்கும்போது அவருக்கு மூச்சு நின்று நின்று வந்தது. உதடு கறுத்தது. ஜன்னல், கதவு எல்லாவற்றையும் திறந்து, அவரைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு ஓடினேன். வாரம் ஒருமுறை வந்து பார்க்கிற நர்ஸம்மாவைப் போனில் கூப்பிட்டேன். அந்தம்மா வந்து ஊசி போட்டு, அவர் நெஞ்சு அடங்கிய பிறகு என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, இவர் இருக்கிற ரூம்ல கொசுவத்திகூடக் கொளுத்தாதீங்கன்னு சொல்லியிருக்கேன். நீங்க பெயிண்ட் பட்டறையே வெச்சிருக்கீங்க. மெஷின் எங்கிருந்து காத்த எடுக்குது? இந்த ரூம்ல இருந்துதான. ரூம்ல என்ன இருக்கோ அதுதான் குழாய் வழியாப் போகும். இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா நான் வந்தும் பிரயோஜனம் இல்ல."

சரி என்றேன். எனக்குப் புரியவில்லை என்று சொல்ல மாட்டேன். நன்றாகப் புரிந்தது.

இரண்டு மூன்று நாளில் அவர் பழையபடி டம்ளரைத் தட்ட ஆரம்பித்தார். காய்ந்த பேனலைக் கொண்டுபோய்க் காட்டினேன். கரும்பச்சை. கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கண்ணாடி மாதிரி இருக்குடா. என் மூஞ்சி தெரியுது. பாவம், பெயிண்ட்டுக்கு இப்படி ஒரு நேரம்" என்றார். பிறகு, என்னைப் பார்க்காமல், "உனக்குக் கை வருதுடா" என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் அதற்கு முன் வந்ததில்லை.

ஆனால் முன்பக்கப் பேனலில் தூசி இருந்தது. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் தெரிகிற மாதிரி. அந்த மாதிரித் தூசியைத் துடைத்து எடுக்க முடியாது. நனைந்த உப்புத்தாளால் மேலே இருக்கிற பளபளப்பு முழுவதையும் தேய்த்து எடுத்துவிட்டு மறுபடி அடிக்க வேண்டும். அதைத்தான் செய்தேன்.

மறுபடி ஏன் அந்த அறையில் என்று கேட்டீர்கள். வேறு எங்கே அடிப்பது? அவரைக் கூடத்துக்கு மாற்றியிருக்கலாமே என்றீர்கள். மாற்றினால் மூச்சு வாங்கும். மெஷினையும் நகர்த்த வேண்டும். கூடத்தில் மரத்தூள் வேறு. எல்லாவற்றையும் யோசித்துத்தான் செய்தேன். முகமூடி பற்றியும் கேட்டீர்கள். பெயிண்ட் கடைக்காரர் கொடுத்தது ஒன்றுதான் இருந்தது. அடிக்கிறவன் நான் என்பதால் நான் போட்டுக்கொண்டேன். மூக்கில் குழாய் இருக்கிறவருக்கு அது உட்காரவும் உட்காராது.

அப்பாவிடம் தூசியைச் சொன்னேன். தேய்த்து மங்கிப்போன பேனலை வாங்கிப் பார்த்தார். "எங்கடா இருந்தது? என் கண்ணுக்குப் படலையே" என்றார். உங்களுக்குக் கண் மங்கிவிட்டது என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "சரி, உன் திருப்திக்கு அடி. ஆனா ஜன்னல மட்டும் திறந்து வை" என்றார். கடைசி கோட் முடிந்ததும் திறக்கிறேன் என்றேன்.

ஜன்னல் இடுக்கில் டேப் ஒட்டினேன். கதவுக்கு அடியில் ஈரத்துணியைச் சுருட்டி வைத்தேன். மதிய நேரம், கீழே பட்டறையில் ரம்பம் ஓடிக்கொண்டிருந்தது. முதல் தடவைக்கு ஒரு கேனில் பாதிகூட ஆகவில்லை. இந்தத் தடவை இரண்டு கேன். மெல்லிசாகப் பல தடவை அடித்தால்தான் ஆழம் கிடைக்கும். முடித்துவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினேன். ஈரமாக இருக்கும்போது ஆள் நடமாடக் கூடாது, காற்று கிளம்பும்.

படியில் உட்கார்ந்திருந்தேன். டம்ளர் சத்தம் கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று என்று இல்லை. எண்ண முடியாத மாதிரி, ஒன்றன்மேல் ஒன்றாக. தண்ணீரா, மூத்திரமா, பேச்சுத் துணையா என்று தெரிந்தால்தானே போக முடியும்? பிறகு டம்ளர் கீழே விழுந்து உருளுகிற சத்தம். அதற்குப் பிறகு ரம்பம் மட்டும்தான். இப்போதும் இங்கே யாராவது டம்ளரைத் தரையில் வைத்தால் எழுந்து நிற்கிறேன். கூட இருக்கிறவர்கள் சிரிக்கிறார்கள்.

நடுவில் ஒன்றைத் தாண்டி வந்துவிட்டேன். அக்கா பேசினது. அப்பா பேனலில் முகம் பார்த்த அன்று சாயங்காலம்தான் கூப்பிட்டாள். வேலை விஷயத்தைச் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன்.

"வண்டிய பளபளன்னு ஆக்கி என்னடா பண்ணப் போற? நீ பகல்ல சுத்தப் போயிட்டா அப்பாவ யாரு பாத்துக்குவா?"

ஓர் ஆள் வைத்துக்கொள்ளலாம் என்றேன்.

"ஆளுக்குக் குடுக்கிற காசுதான் அந்த வேலையில உனக்கு வரும். அதுக்கு நீயே இருந்துட்டுப் போயேன். அப்பா இருக்கிற வரைக்கும்தானடா."

கோபமாகச் சொல்லவில்லை. நியாயமாகத்தான் சொன்னாள். போனை வைத்துவிட்டு அந்தக் கடைசி வார்த்தையை யோசித்துக்கொண்டிருந்தேன். அப்பா இருக்கிற வரைக்கும். அதுவரை வண்டி படிக்கு அடியில் பளபளப்பாக நிற்கும். நான் மேலே தட்டு எண்ணிக்கொண்டிருப்பேன். அவள்மேல் பழி போடவில்லை. அவள் சொன்னதை நான் கேட்டுக்கொண்டேன், அவ்வளவுதான்.

நர்ஸம்மா உங்களிடம் என்ன சொன்னார் என்று தெரியும். முதல் தடவை அடித்த பேனலை அவரும் பார்த்தார். கொடியில் தொங்கிக்கொண்டிருந்த பேனலுக்கு முன்னால் நின்று முன்முடியைச் சரி செய்துகொண்டார். நீங்கள் கேட்கப் போவதை நானே சொல்லிவிடுகிறேன். அதில் தூசி இல்லை. ஒரு மயிரிழை இல்லை. அன்று ஜன்னலைத் திறந்தபோது கீழே ரம்பம்கூட ஓடவில்லை. என் வாழ்க்கையில் நான் ஒழுங்காகச் செய்த ஒரே வேலை அது. அக்கா போனை வைத்த பிறகு கிண்ணத்தில் தண்ணீர் எடுத்து, உப்புத்தாளை நனைத்து, நானே தேய்த்தேன். பளபளப்பு போகப் போகப் பாலாக வழிந்தது. பொழுது சாய்கிற வரை தேய்த்தேன். அடுத்த அறையில் மூன்று தட்டு கேட்டது. இதோ வருகிறேன் என்று குரல் கொடுத்தேன்.

அப்பா கஷ்டப்படாமல் போய்விட்டார், தூக்கத்திலேயே போய்விட்டார் என்று அக்காவிடம் சொன்னேன். உங்களிடமும் முதலில் அதைத்தான் சொன்னேன். இன்றுவரை என் மனதில் அப்படித்தான் இருக்கிறது. அவருக்கும் அலுத்துப்போயிருந்தது. அன்று அவர் பேசாமல் இருந்த அந்தக் கொஞ்ச நேரத்தில் எல்லாம் புரிந்துதான் சம்மதித்தார் என்று நினைக்கிறேன்.

ஜன்னல் டேப்பில் அவருடைய கைரேகை இருக்கிறது என்கிறீர்கள். இருக்கும். கீழே ரம்பம் நின்ற பிறகு உள்ளே போய்ப் பார்த்தேன். கட்டிலில் இல்லை. எழுந்து நிற்கவே இரண்டு பேர் வேண்டியவர், குழாயையும் இழுத்துக்கொண்டு ஜன்னல் வரை போயிருந்தார். சுவரில் சாய்ந்து, ஒரு கை ஜன்னல் சட்டத்தைப் பிடித்திருந்தது. ஒரு முழ நீளத்துக்கு டேப்பை நகத்தால் பிய்த்திருந்தார். வெளிக்காற்று மெல்ல வந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்தார். பிடித்த கையை விடவில்லை. பார்த்தார்.

அந்த டேப்பைத் திரும்ப ஒட்டியது நான்தான். அவர் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுத்தான் ஒட்ட வேண்டியிருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு மறுபடி படியில் வந்து உட்கார்ந்தேன். வேறு எதற்காகவும் இல்லை, ஐயா. கிளியர் கோட் இன்னும் காயவில்லை.