ரெண்டாவது விசில்

— ஏய், டைரக்டரம்மா! உன் படத்தை உள்ள ஓட விட்டுட்டு, இங்க படிக்கட்டுல உட்கார்ந்து நகம் கடிச்சிட்டிருக்கியா?

— இன்டர்வெல் விட்டாச்சாக்கா?

— விட்டாச்சு, விட்டாச்சு. கையைக் கொடு, பல்ஸ் பாக்கறேன். அடேயப்பா, ஐசியூ கேஸ் மாதிரி ஓடுது.

— விளையாடாத. யாராவது பாதியில எழுந்து போனாங்களா?

— ஒருத்தன் போனான்.

— போச்சு.

— பாத்ரூமுக்குடி! ஓடிப் போயிட்டு ஓடி வந்தான். வந்து, என்ன ஆச்சு என்ன ஆச்சுன்னு பக்கத்து சீட்டுக்காரரைப் போட்டு நச்சரிச்சான். அவரு "பேசாம பாருய்யா"ன்னு அதட்டிட்டாரு.

— என் மனசுக்காகச் சொல்லாத. முதல் படத்தையும் இப்படித்தான் நல்லாருக்குன்ன. நாலாம் நாள் தூக்கிட்டாங்க.

— அது நல்லா இல்லடி. உன் முகத்தைப் பாத்து சொல்ல மனசு வரல.

— இப்ப சொல்றியா!

— ஒம்பது வருஷம் ஆச்சு, புண்ணு ஆறியிருக்கும்னு சொல்றேன். பதினாலு வருஷம் அசிஸ்டென்டா வெயில்ல நின்னு, மத்தவங்க எடுத்த படத்தையெல்லாம் சேத்துப் போட்டு ஒரு படம் எடுத்திருந்த. அதுல ஒருத்தராவது மனுஷங்க மாதிரி பேசினாங்களா? இதுல பேசறாங்க.

— அதுக்கப்புறம் ஒருத்தரும் என்னை உட்கார வச்சுக் கதை கேக்கலக்கா. கல்யாண வீடியோ எடுத்துட்டு வந்து உன் வீட்டு ஹால்ல பாய் போட்டுப் படுத்தேன்.

— பழங்கதை எதுக்கு? மேல கேளு.

— இன்டர்வெல் சீன்ல... குக்கர் விசில் சரியா கேட்டுச்சா? மிக்ஸிங்ல கொஞ்சம் கம்மியா வச்சுட்டோமோன்னு ஒரே கவலை.

— ரெண்டு கேட்டுச்சு, மூணாவது எங்க கேக்குது? அந்தப் பொண்ணு இடுப்புல பிள்ளையோட வாசல் வரைக்கும் போயிட்டு, சட்டுனு திரும்பி வந்து, அடுப்புல கொதிச்சிட்டிருக்கற குக்கரைத் துணி சுத்தித் தூக்கினா பாரு! தியேட்டரே விசில் அடிக்குது. இதுல உன் குக்கர் விசில் யார் காதுல விழும்?

— கைதட்டினாங்களா?

— புருஷன்காரன் "அதை எங்கடி தூக்கிட்டுப் போற?"ங்கறான். "என் சம்பளத்துல வாங்கினது, என்கூட வருது"ங்கறா. எனக்குப் பின்னாடி இருந்த பெரியவர் சீட்டு மேல ஏறி நிக்காத குறைதான்.

— நீ ஒண்ணும் சொல்லலியே, அந்த சீனைப் பத்தி.

— ஒரு தப்பு இருக்கு.

— என்னக்கா?

— மூணு விசில் வர்ற வரைக்கும் அவ நிக்கறா. நான் நிக்கல. ரெண்டாவது விசில்லயே தூக்கிட்டேன்.

— அக்கா...

— அரைவேக்காட்டுச் சோறு. பஸ் ஸ்டாண்ட் பெஞ்சுல வச்சுத்தான் தின்னோம், நானும் என் பையனும். அது உனக்குத் தெரியாது போல.

— தெரியும். நீ குக்கரோட என் ரூம் வாசல்ல வந்து நின்னப்போ, உள்ள ரெண்டு பருக்கை ஒட்டிட்டிருந்துச்சு. பஸ் ஸ்டாண்ட் சீன் ரெண்டாவது பாதியில வருது.

— வருதா! அடிப்பாவி!

— கேட்டிருந்தா விட்டிருப்பியா?

— அறைஞ்சிருப்பேன்.

— அதான் கேக்கல. தப்புதான். ஆனா கதைன்னு உட்கார்ந்தா எனக்கு வேற எதுவும் வரலக்கா. நாலு வருஷமா எழுதி எழுதிக் கிழிச்சு, கடைசியில அந்தக் குக்கர்தான் நின்னுச்சு. ஊரே பாக்கப் போகுதேன்னு எனக்குப் பயம் இல்ல. நீ பாப்பியேன்னுதான். நீ என்னடான்னா வார்டுல இருந்து பதினோரு நர்ஸைக் கூட்டிட்டு வந்திருக்க!

— தங்கச்சி படம்னதும் டியூட்டியை மாத்திக்கிட்டு ஓடி வந்தாங்க. நான் வேண்டாம்னா சொல்ல முடியும்?

— அவங்ககிட்ட எல்லாம் அத்தான் வெளிநாட்டுல இருக்காருன்னு பதினெட்டு வருஷமா சொல்லி வச்சிருக்க. அவரு அனுப்பினதுன்னு நீயே ஒரு வாட்ச் வாங்கிக் கட்டிக்கிட்ட.

— ரெண்டு வாட்ச்.

— சந்தேகம் வரக்கூடாதுன்னுதான் ஹீரோயினை நர்ஸா வைக்காம டைப்பிஸ்ட் ஆக்கினேன்.

— கிழிச்ச! அந்த டைப்பிஸ்ட் பிள்ளைக்கு மருந்து கொடுக்கறதுக்கு முன்னாடி பாட்டில்ல தேதி பாக்கறா. எந்த டைப்பிஸ்ட்டுடி பாக்கறா?

— மேடம், இங்கயா இருக்கீங்க? மாடியெல்லாம் தேடிட்டு வர்றேன்.

— என்ன ஆச்சு, மேனேஜர் சார்?

— ஈவினிங் ஷோவும் ஃபுல், நைட் ஷோவும் ஃபுல். இந்தச் சின்ன ஸ்கிரீன் தாங்காது. நாளைக்குக் காலையில இருந்து பெரிய ஸ்கிரீனுக்கு மாத்தறோம்.

— முதல் படத்தைத் தூக்கினது இதே தியேட்டர்தானே சார்?

— நான்தான் தூக்கினேன் மேடம். இதை ஏத்தறதும் நான்தான். பெல் அடிக்கப் போறேன், வந்துடுங்க.

— கேட்டியாக்கா? பெரிய ஸ்கிரீன்!

— கேட்டேன், கேட்டேன். என் முந்தானையில மூக்கைத் துடைக்காத. எழுந்திரு. உன் படத்தை நீ பாக்க வேண்டாமா?

— நான் வர்றேன். நீ வேணா இப்படியே வீட்டுக்குக் கிளம்பிடு. ரெண்டாவது பாதியில இன்னும் நிறைய இருக்கு. நாளைக்கு வார்டுல எந்த முகத்தோட நிப்ப?

— எப்படிக் கிளம்பறது? என் சீட்டுல ஹெட் நர்ஸ் கைப்பையை வச்சுக் காவல் காக்கறாங்க.

— அவங்க என்ன சொன்னாங்க?

— லைட் போட்டதும் கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. "இப்படி ஒருத்தி நிஜத்துல எங்க இருக்கப் போறா, இதெல்லாம் சினிமாவுலதான்"னாங்க.

— அதுக்கு நீ?

— "பதினெட்டு வருஷமா உங்ககூடத்தானே டியூட்டி பாக்கறா"ன்னு சொல்லிட்டுத்தான்டி எழுந்து வந்தேன்.