சிவப்புப் பொட்டும் முப்பத்தோராம் பேருந்தும்

உறைபனி வழுக்கும் படிகளில் அது கரைய உப்புத் தூவி, எங்களை எலும்பு முறியாமல் உள்ளே வரவேற்ற குடியிருப்போர் மன்றத் தலைவர் வாண்டா கொவல்ச்சுக் அவர்களே! பனிக்காலணிகளை வாசலில் குவித்துவிட்டுக் காலுறையோடு வீற்றிருக்கும் பெரியோர்களே! விடியாத பேருந்தில் கண்ணயர்ந்தபடியே கடமைக்குப் போகும் தாய்மார்களே! மேடை ஓரம் காப்பிக் கோப்பையோடு அமர்ந்திருக்கும் நகராட்சித் திட்ட அதிகாரி கிரெய்க் அவர்களே! பிர்ச் முனைக்காரன் டேரல் பேசுகிறேன்.

கனடா முழுக்கத் தேடினாலும் நம்மைப் போல் நாகரிகமான முட்டாள்கள் கிடைப்பார்களா? சிரிக்காதீர்கள், உங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்! நம் காலை மிதித்தவனிடம் நாம் மன்னிப்புக் கேட்போம். தாமதமாக வந்த பேருந்தின் ஓட்டுநருக்கும், இறங்கும்போது பின்வாசலில் நின்று நன்றி கூவுவோம். சரக்கு ரயில் சாலையை மறித்து நின்றால், "பாவம், அதுக்கு என்ன கஷ்டமோ" என்போம்!

இந்த நாகரிகம்தான் நம் பேருந்தைத் தின்றது.

நவம்பரில் கிரெய்க் இங்கே வந்தார். பனிப்புயலில் வந்தார். புதிய வழித்தட வரைபடத்தைச் சுவரில் விரித்தார். தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் முப்பத்தோராம் எண் பேருந்தைக் காணோம்! "புடிச்சிருந்தா பச்சைப் பொட்டு, புடிக்கலைன்னா சிவப்பு. வரைபடத்துல ஒட்டுங்க" என்று ஆளுக்கொரு ஒட்டுப்பொட்டு அட்டை கொடுத்தார்.

இதே வரைபடம் போன பணக்கார ஆற்றங்கரைப் பேட்டையில் என்ன நடந்தது? வீட்டுக்கு இரண்டு கார். பேருந்தின் நிறம்கூடத் தெரியாது. தங்கள் தோட்டத்தருகே நிறுத்தம் வரக்கூடாதென்று, வரைபடத்துக்கே அம்மை கண்டதுபோல் சிவப்பை அப்பினார்கள். நிறுத்தம் அடுத்த தெருவுக்கு ஓடிற்று!

நாம்? மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் ஆறு மணிக்கு வேலை தொடங்கும் மார்லீன் ஃபிளெட் ஒரே ஒரு சிவப்பை ஒட்டினார். கிரெய்கின் முகம் வாடிற்று. உடனே நம் தலைவர் பதறினார்:

"அந்தப் புள்ள இந்தப் புயல்ல வண்டி ஓட்டிட்டு வந்திருக்கு. மூஞ்சில அடிச்ச மாதிரி இருக்காதா? எடுத்துடு மார்லீன்."

"சாரி தம்பி, கை தவறிடுச்சு" என்று அதைப் பிய்த்துத் தன் கோட்டிலேயே ஒட்டிக்கொண்டார் மார்லீன். புரட்சி பேசும் நான் என்ன செய்தேன்? ஒரு பச்சையை ஒட்டிவிட்டு, கிரெய்குக்குத் தின்ன இன்னொரு பட்டர் டார்ட் இனிப்பு எடுத்துக் கொடுத்தேன்!

'பிர்ச் முனை மக்களுக்கு ஆட்சேபம் இல்லை' என்றது அறிக்கை. திங்கட்கிழமை முதல் பேருந்து இல்லை என்றது. "ஆறுக்கு வர முடியலைன்னா வேற ஆளப் பாத்துக்குறோம் மார்லீன்" என்கிறார் மேற்பார்வையாளர். நடைபாதையில்லாத நெடுஞ்சாலை ஓரம், மைனஸ் முப்பது குளிரில், லாரிகளிடம் 'சாரி' சொல்லிக்கொண்டே நடப்பாரா அவர்? நடக்க விடுவோமா நாம்?

இன்று கடைசிக் கருத்துக்கேட்பு. நாளை அந்த அறிக்கை மீது நகரமன்ற வாக்கெடுப்பு. அதே வரைபடம், அதே சுவர்!

பின்வரிசையில் யார் அது? "கிரெய்க் மனசு புண்படுமேப்பா"வா? புண்படட்டும் ஐயா! அவருக்குக் கார் இருக்கிறது, அழுதுகொண்டே வீடு போய்ச் சேரலாம்!

இதோ, மார்லீன் எழுந்துவிட்டார். வழிவிடுங்கள்! ஒட்டிவிட்டார், நம் தெருவின் மேலேயே ஒட்டிவிட்டார்! ஏன் அக்கா திரும்பிக் கிரெய்கைப் பார்க்கிறீர்கள்? வேண்டாம், அந்த 'சாரி'யை விழுங்குங்கள்... விழுங்கிவிட்டார்! தலைவரும் எழுகிறார்! என் சிவப்பு இதோ. வரிசையில் வாருங்கள். "நீங்க முன்னாடி போங்க, நீங்க போங்க" என்று அங்கேயும் உபசாரம் செய்துகொண்டு நிற்காதீர்கள், இரவு தீர்ந்துவிடும்!

நன்றி சொல்லாமல் மேடையிறங்க நம் ஊரில் யாருக்கும் தெரியாது. ஆனால் நான் இன்று சொல்லப்போவதில்லை. திங்கட்கிழமை காலை, முப்பத்தோராம் பேருந்தின் பின்வாசலில் நின்று, ஓட்டுநருக்குச் சொல்கிறேன்.

வணக்கம்!