ரேகை விழாத விரல்

பொம்மை செய்வதில் தப்பே இல்லை, சார். வேலை வெட்டி இல்லாதவர்களுக்கும் பொழுது போக வேண்டாமா?

ரஞ்சன்குடிப் பக்கம் கல் கிரஷரில் மெஷின் ஓட்டுகிறவன் நான். என் பெண்டாட்டி பூமாலை அங்கேதான் ஜல்லி அள்ளினாள். நடக்கத் தெரிந்ததிலிருந்து கல்லோடு கிடந்தவள். மழையில் கிரஷர் நின்றபோது லப்பைக்குடிகாட்டில் நஃபீசா வீட்டுக்குப் பாத்திரம் கழுவப் போனாள். அங்கே பிடித்தது இந்தச் சனியன்.

நஃபீசாவின் புருஷன் துபாயிலிருந்து கலர் கலராகக் களிமண் அனுப்புவான். பிளாஸ்டிக் சேர்ந்த மண்ணாம். சப்பாத்தி மாவு மாதிரி பிசைந்து, ரோஜா, முயல், கல்யாண ஜோடி என்று பிடித்து, கரண்ட் அடுப்பில் சுட்டால் இறுகிவிடும். தின்னவும் ஆகாது, கும்பிடவும் ஆகாது. அதை வாங்கவும் ஒரு கூட்டம்.

வெள்ளை மண்ணில் தொட்டவர் ரேகை அப்படியே பதிந்துவிடும். அந்த வீட்டுப் பெண்கள் செய்த முயலுக்கெல்லாம் உடம்பு முழுக்கக் கோடு. பூமாலை செய்தது மட்டும் வழவழவென்று இருந்தது. இருக்காதா? கல் பொறுக்கியே அவள் விரல் ரேகை தேய்ந்துபோயிருந்தது.

"ஒன் வெரலு அல்லா குடுத்ததுடி பூமால" என்றாளாம் நஃபீசா. ஜல்லி கொடுத்தது. அல்லாவை ஏன் இழுக்க வேண்டும்?

ஒருநாள் அவளைக் கூப்பிடப் போய் வாசலில் நின்றேன். ஜன்னலோரம் புதுப் பொம்மை. கைலியை மடித்துக் கட்டி, காதில் பீடி செருகி, கல் குவியல்மேல் வாயைப் பிளந்து தூங்குகிற ஆள். நான்தான்.

"இதானாடி ஓம் மாப்புள? தூங்குறதுக்கா கூலி குடுக்குறாங்க?" என்று உள்ளே எவளோ கேட்டாள். சிரித்தார்கள். பூமாலையின் சிரிப்பும் அதில் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் சொன்னாள். "நஃபீசாக்கா திருச்சியில கட போடுறாங்க. அங்கயே தங்கி செய்யச் சொல்றாங்க. திங்கக்கெழம போறேன்."

"நான் என்ன பண்றது?"

"நீ தூங்கு."

நான் கை ஓங்கவில்லை. அந்தப் பழக்கம் எனக்குக் கிடையாது. "கிரஷர்ல ஆளு இல்ல, நாளைக்கு ஒருநா மட்டும் கூட வந்து நில்லு" என்று தன்மையாகக் கேட்டேன். வந்தாள்.

மெஷின் வாயில் கல் சிக்கினால், கையை உள்ளே விட்டு எடுக்கிற ஆள் சுவிட்ச் போர்டிலிருந்து ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கித் தன் இடுப்பில் செருகிக்கொள்ள வேண்டும். கிரஷரில் அதுதான் வழக்கம். கட்டை இடுப்பில் இருக்கும்வரை யாராலும் மெஷினை ஓட்ட முடியாது. அன்றைக்கு நானே பிடுங்கி வருவதாகச் சொல்லிப் போனேன். போர்டில் இருந்ததைத் தொடாமல், மூலையில் கிடந்த பழைய கட்டை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தேன். இடுப்பில் செருகினாள். இரண்டு கையையும் உள்ளே விட்டாள்.

சுவிட்சில் ரேகை எடுக்கிறார்களாம். வீண் வேலை. எனக்கும் ரேகை கிடையாது. நான்தான் போட்டேன், எழுதிக்கொள்ளுங்கள்.

ஆஸ்பத்திரியில் அவள் கை இரண்டையும் மணிக்கட்டோடு எடுத்துவிட்டார்கள். நீங்கள் என்னை ஸ்டேஷனுக்குக் கூட்டிவரும்வரை வேளாவேளைக்குக் கஞ்சியோடு நின்றவன் நான். எந்தப் புருஷன் நிற்பான்? கரண்டியை நீட்டினால் பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தைத் திருப்புகிறாள். நஃபீசா ஊட்டினால் மட்டும் வாய் திறக்கிறது.

அந்தம்மாவை முதலில் அங்கிருந்து போகச் சொல்லுங்கள், சார். என்னை விட்டால் பூமாலைக்கு யார் இருக்கிறார்கள்?