மூன்று பூச்சு, மூன்று தேதி

மேடையில் அமர்ந்திருக்கும் மன்றத் தலைவர் ஹெர்மன் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் லீவனின் மனைவி மார்லேன் அவர்களே, அவரோடு பள்ளியில் பணியாற்றும் ஆசிரியர்களே, பூட்ஸில் ஒட்டிய சேறு காயுமுன் வந்து சேர்ந்திருக்கும் பந்தய நண்பர்களே! உங்கள் எல்லோர் முன்னும் தலைகுனிந்து நிற்கிறேன். மரபுக்காகச் சொல்லும் வார்த்தை என்று நினைக்காதீர்கள். ஏன் என்று இன்னும் சில நிமிடங்களில் தெரிந்துவிடும்.

என் பெயர் ஆர்னூட். சர்ச் தெருவில் சைக்கிள் கடை வைத்திருப்பவன். நம்மை விட்டுப் பிரிந்த லீவன் காஸ்டநோபல் என் பட்டறையில் பதினேழு ஆண்டுகள் மெக்கானிக்காக இருந்தார். வாரம் முழுவதும் ஊரார் வண்டிகளைப் பழுது பார்ப்பார். ஞாயிற்றுக்கிழமை தன் வண்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு மணல்மேட்டில் ஓடுவார். எத்தனை பந்தயம் வென்றார் என்று கேட்கிறீர்களா? ஒன்றுகூட இல்லை! ஒரே ஒரு முறை ஒன்பதாவதாக வந்தார். அதுவும் முன்னால் போன நான்கு பேர் ஒருவர் மேல் ஒருவர் விழுந்ததால்.

ஆனால் அவரைப் போல் ஒரு மெக்கானிக் உண்டா? ஒரு குளிர்காலம், பந்தயத்தின் நடுவில் எதிராளி ஒருவனின் சங்கிலி சிக்கிக்கொண்டது. லீவன் இறங்கி அதைச் சரிசெய்து கொடுத்துவிட்டுக் கடைசி ஆளாக வந்து சேர்ந்தார். எனக்கு ஆத்திரமான ஆத்திரம்.

"ஏம்ப்பா, உனக்கு மூளை இருக்கா? அவனை எதுக்குத் தூக்கி விட்ட?"

"அந்தச் சங்கிலிய மாட்டிக் கொடுத்தது நான்தான் முதலாளி. நான் மாட்டினது பாதியில நிக்கலாமா?"

அப்படிப்பட்ட மனிதரைப் பற்றி மூன்று வாரமாக இந்தக் கான்டீனில் என்ன பேசினோம்? "ஊர் டயரையெல்லாம் ஒட்டினவனுக்குத் தன் டயரை ஒட்டத் தெரியல பாரு." இதைச் சொன்னவர்கள் இங்கேதான் இருக்கிறீர்கள். நான் உங்கள் பக்கத்தில் நின்று பியர் குடித்தேன். வாயைத் திறக்கவில்லை. கோழை!

பள்ளியிலிருந்து வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். சேற்றிலும் மணலிலும் ஓட்டும் எங்கள் சைக்ளோகிராஸ் பந்தயச் சக்கரத்தில் டயரை ரிம்மோடு பசை வைத்து ஒட்டுவோம். அதற்கு லீவன் பட்டறையில் ஒரு சட்டம் வைத்திருந்தார். மூன்று பூச்சு, பூச்சுக்கு ஒரு நாள். ஒவ்வொரு பூச்சின் தேதியையும் ஒரு துண்டு அட்டையில் எழுதிச் சக்கரத்தில் கட்ட வேண்டும். மூன்று தேதி இல்லாத சக்கரம் கடையை விட்டு வெளியே போகாது, கேட்பவர் யாராக இருந்தாலும் சரி.

பந்தயப் பருவம் தொடங்கிய அந்த வாரம் லீவன் காய்ச்சலில் படுத்துவிட்டார். அவருடைய சக்கரத்தையும் சேர்த்து ஐந்து ஜோடி காத்திருந்தன. வாடிக்கையாளர்கள் தொலைபேசியில் என் காதைத் தின்றார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? வெள்ளிக்கிழமை ஒரே நாளில், ஐந்து ஜோடிக்கும் ஒரே ஒரு பூச்சைத் தடிமனாக அப்பி டயரை மாட்டினேன். பிறகு உட்கார்ந்து புதன், வியாழன், வெள்ளி என்று மூன்று தேதிகளை ஒரே பேனாவால் எழுதினேன்.

சனிக்கிழமை லீவன் வந்தார். அட்டையைப் பார்த்துச் சிரித்தார்.

"என்ன முதலாளி, கோழி கிண்டின மாதிரி எழுதியிருக்கீங்க! ஆனா மூணு தேதியும் இருக்கு."

வழக்கம்போல டயரின் ஓரத்தைக் கட்டைவிரலால் தள்ளிப் பார்க்கப் போனார். எனக்குப் பொசுக்கென்று கோபம் வந்தது. மாட்டிக்கொள்வோம் என்ற பயம் அது.

"ஏன், என்னையே சோதிக்கிறியா? நீ பொறக்கறதுக்கு முன்னாடியே டயர் ஒட்டினவன்யா நான்!"

"சரி சரி, கோவிச்சுக்காதீங்க" என்று கையை எடுத்துவிட்டார்.

மறுநாள் பந்தயத்தில், சரிவு வளைவில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றது. வேலிக் கம்பத்தில் தலை மோதியது. புதன்கிழமை போய்விட்டார். அந்தக் கையை ஏன் எடுக்க வைத்தேன் என்று கேட்டுக் கேட்டுச் சாகிறேன்.

இன்று காலை மார்லேனிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அவர் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

"எங்கிட்ட அழுது என்ன ஆகப்போவுது? அவரைத்தான் ஊரே கேவலமாப் பேசுது. அங்க போய்ச் சொல்லுங்க."

அதனால் சொல்கிறேன். லீவன் காஸ்டநோபல் தன் தொழிலில் ஒரு தவறும் செய்யவில்லை! இந்தக் கூட்டம் முடிந்ததும் காவல் நிலையத்துக்குப் போய் இதையே சொல்வேன். அவர் பணியைத் தொடர்வோம் என்று உறுதிமொழி எடுக்க இங்கே கூடியிருக்கிறோம். அந்த உறுதிமொழியை எடுக்க எனக்குத் தகுதியில்லை. என்னால் முடிந்தது ஒன்றே ஒன்று.

ஐந்து ஜோடியில் லீவனுடையது போக நான்கு ஜோடி இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. நாளை லீவன் பெயரில் நடக்கும் பந்தயத்தில் அவற்றை ஓட்டப்போகிறீர்கள். அந்த வண்டிகள் நான்கும் வாசலில் நிற்பதை உள்ளே வரும்போது பார்த்தேன். பெயர் சொல்லிக் கூப்பிடுகிறேன். என்னை அடிக்க வேண்டுமென்றால் அடியுங்கள். முதலில் சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு அடியுங்கள்.

பாஸ்தியான். யோகிம். கடைசி வரிசையில் இருக்கும் டிர்க். அப்புறம், தலைவர் ஹெர்மன் அவர்களே, உங்கள் மகளுடையதும்.