மறியலில் நின்ற கரும்பு வெட்டு

இடஒதுக்கீடு கேட்டு மறியல். புளியமரங்களை வெட்டிச் சாலையில் சாய்த்திருந்ததால் கள்ளக்குறிச்சி பேருந்து நின்றுவிட்டது. கல் விழுமென்று நான் உள்ளேயே குடையை விரித்துக்கொண்டேன். முன்சீட்டில் கரும்பு வெட்டும் ஆள் ஒருவர் கொட்டாவி விட்டார்.

"இன்னும் நாலு நாளு மறியல் நடந்தா தேவலாம்ங்க."

பக்கத்திலிருந்த நிலத்துக்காரர் திரும்பினார். "கரும்பு காயுது, இன்னாய்யா பேசற?"

"கல்வராயன் மலையிலேர்ந்து ஆளு எறங்க முடியாதில்ல? அவங்க கம்மிக் கூலிக்கு வர்றதாலதான எங்களக் கூப்புட மாட்றீங்க. இப்ப நாங்க கேக்கறதக் குடுத்துத்தான் ஆவணும்."

"கேரளாவுக்குப் போன ஒன் தம்பி இன்னா கூலிக்குப் போறான்?"

"அந்த ஊரு ஆளு வாங்கறதுல பாதிங்க."

"அங்க அவனத் திட்ட மாட்டாங்களா?"

"திட்டறாங்களாம். வந்துடறேன்னு லெட்டர் போட்டான்." அவர் சாய்ந்து கிடந்த மரத்தையே பார்த்தார். "எனக்கே இங்க வேல இல்ல, வராதடான்னு எழுதிட்டேங்க."